20,000 ரூபாயில் எலக்ட்ரிக் கிட்டார்: ஆலையையும் பார்க்கணும், உப்புக்காற்றையும் பார்க்கணும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் சாதாரண கிட்டார் வாசிக்கிறேன். எலக்ட்ரிக் வாங்க 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆன்லைனில் பை, ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) எல்லாம் சேர்த்தே 8,000-க்குத் தருகிறார்கள். அம்மா மண்டபத்தில் நண்டு கம்பெனிக்குச் சதை எடுக்கப் போகிறவர். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் கூலியில் பிடித்திருப்பார்கள் என்று கேட்கிறார். சீனா, இந்தோனேசியா கிட்டார்களை வாங்கலாமா?

பதில்: அம்மா கேட்டது நியாயமான கேள்வி, தம்பி. ஆனால் நாட்டின் பெயரை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் பணத்துக்குள் வருகிற எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு நாடுகளில்தான் தயாராகின்றன. அங்கே நல்ல ஆலையும் உண்டு, மோசமான ஆலையும் உண்டு.

பார்க்க வேண்டியது, யார் செய்தார்கள் என்பதை. கிட்டார் தலையில் இருக்கும் பெயர் ஒருவருடையது, செய்பவர் இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். தென் கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரிலும் கிட்டார் விற்கிறது, ஐபனெஸ், ஸ்குயர் போன்ற பிராண்டுகளுக்கும் இந்தோனேசியாவில் செய்து கொடுத்திருக்கிறது. அதே கோர்ட் 2007-ல் தன் கொரிய ஆலைகளை மூடித் தொழிலாளர்களை வெளியே அனுப்பியது. அவர்கள் நடத்திய போராட்டம் 2019-ல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவும் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அந்த ஆலைக்கு ஒரு பெயர் இருந்தது. உங்கள் 8,000 ரூபாய் செட்டைச் செய்த ஆலையில் இழைப்புத் தூசியும் பெயின்ட் ஆவியும் யார் நெஞ்சுக்குள் போகிறது என்று கேட்கப்போனால், கேட்பதற்கு ஆளே கிடைக்காது.

யமஹாவின் பசிஃபிகா தொடக்க மாடல்கள் அந்த நிறுவனத்தின் சொந்த இந்தோனேசிய ஆலையில் தயாராகின்றன. சொந்த ஆலை என்பதாலேயே எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புகார் வந்தால் ‘அது கான்ட்ராக்டர் பாடு’ என்று கைகழுவ முடியாது. கான்ட்ராக்ட் ஆளுக்கும் கம்பெனி ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அம்மாவே உங்களுக்குச் சொல்வார். அதனால் புதிதாக வாங்குவதானால் என் சாய்வு இந்தப் பக்கம்தான். எதை வாங்கினாலும் பெட்டியின் லேபிளைப் படியுங்கள். இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஈட்டி மர வகைகளின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017-ல் கட்டுப்பாடு வந்ததும் மலிவு கிட்டார்கள் பலவற்றில் விரல்பலகை லாரலுக்கு மாறியது. அது நம்ம கருமருதுதான். தரக்குறைவு இல்லை.

இனி உப்புக்காற்று. பாம்பன் பழைய ரயில் பாலத்தையே அரித்த காற்று இது, கிட்டாரின் சின்னத் திருகுகளை விடுமா? முதலில் பிடிப்பது பிரிட்ஜில், அதாவது கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தில், கம்பியின் உயரத்தை மாற்றும் பொடித் திருகுகளைத்தான். அவை துருப்பிடித்து இறுகிவிட்டால் அவற்றைத் திருப்பும் ஆலன் கீ வழுக்கும், அப்புறம் கம்பி உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை ஏற்றவோ இறக்கவோ முடியாது. அதனால் மேலும் கீழும் ஆடுகிற, ஸ்பிரிங் நிறைய வைத்த பிரிட்ஜ் நம்ம கரைக்கு வேண்டாம். அசையாத சாதாரண பிரிட்ஜ் எடுங்கள். வாசித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வையுங்கள், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். பூச்சுப் போட்ட கம்பிக்கு விலை கூடுதல்தான், ஆனால் இங்கே அந்தக் காசு வீண்போகாது.

கடையில் நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) முனை விரலைக் கீறினால் வேலை சரியில்லை. அப்புறம் ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம், மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். நிறையத் தெரிந்தால் நெக் வளைந்திருக்கிறது. கொஞ்சம்தான் என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருந்தால் கைக்கு வலிக்காது.

என்னைக் கேட்டால், மதுரையிலோ சென்னையிலோ நல்ல பிராண்டில் ஒரு பழைய கிட்டாரைத் தேடுங்கள். அம்மாவின் கேள்விக்கும் அதுதான் சுலபமான பதில், உங்களுக்காக யாரும் புதிதாக உழைக்க வேண்டியதில்லை. 14,000, 15,000-க்குள் முடித்தால் கிட்டாரைச் சரிப்படுத்தித் தரும் செட்டப் கூலிக்கும் சின்ன ஆம்புக்கும் மீதி இருக்கும். வாங்கும்போது ஆம்பில் மாட்டி வால்யூம் குமிழைத் திருப்புங்கள், கரகர என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மேலே இருக்கும் காந்தப் பொட்டுகளில் செந்துரு ஏறியிருந்தால் அது கடலோரத்தில் கிடந்த கிட்டார், உள்ளே வயரிங்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கோயில் மைக் செட்டோடு வாசிக்கும் முன் ஒன்று. கிட்டாரின் கம்பிகள் ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாவிட்டால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கலாம், வெறுங்காலில் நின்றால் இன்னும் மோசம். மூன்று முள் பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடித்துச் செருகுவதை விட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.