தண்ணீர் நிறையக் குடித்தும் நீண்ட ஓட்டத்தில் தலைவலி வருவது ஏன்?

தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து 20 கி.மீ. ஓடுகிறீர்கள்; மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தும் தலைவலி, குமட்டல் என்கிறீர்கள். எனக்கென்னவோ குடிப்பது அதிகமாகிறது என்றுதான் படுகிறது.

வியர்வையில் போவதைவிடக் கூடுதலாக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். முற்றினால் குழப்பம், வலிப்பு வரை போகும். அப்படியென்றால் உடனே ஆஸ்பத்திரிதான். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்தது போக இன்னும் சுமார் ஒரு லிட்டர் பாக்கி. எடை ஏறியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கடலூர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் சொட்டும், உப்பும் சேர்ந்தே போகும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம், ஓடும்போது ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் மேல். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். சக்திக்கு அது பத்தாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பெரிய மோரிஸ் வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போலக் கிடைக்கும்.

கிளம்புமுன் உப்புப் போட்ட நீராகாரம் அருமை. சின்ன வெங்காயத்தை மட்டும் திரும்பி வந்து கடியுங்கள், வழியெல்லாம் ஏப்பம் வரும்.