சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது, பிரஷர் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 56. எட்டு வருடங்களாகச் சர்க்கரை நோய். நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, மூன்று மாத சராசரியை 6.8-க்குக் கொண்டுவந்துவிட்டேன். போன வருடம் பிரஷர் 152/90 இருந்ததால் டாக்டர் மாத்திரை எழுதினார். இப்போது 128/78. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. சுகர்தான் நன்றாக இருக்கிறதே, பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. 6.8 என்பது உங்கள் உழைப்பு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 128/78 மாத்திரை போட்டுக்கொண்டிருப்பதால் வந்த எண். விட்டால் பெரும்பாலும் பழைய எண்ணுக்கே ஏறிவிடும், ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இதே கேள்வியை என் அப்பா கேட்டார். நான் படிப்பை முடித்திருந்த புதிது. சுகரைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பார். பிரஷரை ஒரு நாளும் எழுதியதில்லை. "தலை வலிக்கலையேப்பா" என்று மாத்திரையை விட்டுவிட்டார், நானும் அழுத்திச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க வலது கை வரவில்லை. பக்கவாதம். அன்றைக்கு சுகர் 130. அந்த நோட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. அதில் சர்க்கரையோடு பிரஷரும் இருந்த 1,148 பேரில் ஒரு பிரிவினருக்கு பிரஷரைக் கறாராகக் குறைத்தார்கள், சராசரி 144/82. மற்றவர்களுக்கு 154/87. மேல் எண்ணில் வித்தியாசம் வெறும் பத்து. அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைந்தன.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2008-ல் வெளியான தொடர்ச்சி. ஆய்வு முடிந்ததும் எல்லோரும் அவரவர் டாக்டரிடம் திரும்பிப் போனார்கள், பிரிவுகளுக்கு இடையிலிருந்த வித்தியாசம் சீக்கிரமே மறைந்தது. அப்படியும், ஆரம்பத்தில் சுகரை நன்றாக வைத்திருந்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் பலன் தொடர்ந்தது. பிரஷரில் அது நடக்கவில்லை. இரண்டு பிரிவின் அளவும் ஒன்றானதும் கிடைத்த பலனும் போய்விட்டது. குறைத்து வைத்திருக்கும் வரைதான் பிரஷர் மாத்திரையின் பாதுகாப்பு.

கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரை சர்க்கரை பலவீனமாக்குகிறது. அதே சுவரைத்தான் பிரஷர் உள்ளிருந்து மோதுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு 130/80-க்குக் கீழே என்பது இலக்கு, நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள்.

மாத்திரையால் தொந்தரவு என்றால் அது வேறு விஷயம். சில மாத்திரைகளுக்கு வறட்டு இருமல் வரும், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். எடை நன்றாகக் குறைந்திருந்தால் டோஸையும் குறைக்கலாம். முடிவை உங்கள் டாக்டரிடம் விடுங்கள், ஆனால் கையில் எண்களோடு போங்கள். ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் வீட்டில் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாளாவது எழுந்து நின்றும் பாருங்கள். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு பாதித்திருந்தால் நிற்கும்போது பிரஷர் சட்டென இறங்கும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிறுநீரில் ஆல்புமின், அதாவது சிறுநீரகம் பாதித்தால் கசியும் புரதம், இருக்கிறதா என்று பார்த்தீர்களா என நீங்கள் எழுதவில்லை. கடைசியாகப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் இந்த வாரமே சாம்பிள் கொடுத்துவிடுங்கள்.