மேடையில் அவர் பேச, பின்னால் நான் சிரித்துவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 67 வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து 2011ல் ஓய்வு பெற்றவர். மகள் கோயம்புத்தூரில், மகன் சென்னையில். பணக் கஷ்டம் இல்லை. குடி, சீட்டு எதுவும் அவரிடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் வாயைத் திறந்தாலும் "உனக்கென்னம்மா குறை?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஓய்வு பெற்ற முதல் வருஷம் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். காலை எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். போகத்தான் இடம் இருக்காது. அப்புறம் ஊரில் மூத்த குடிமக்கள் சங்கம் ஆரம்பித்து இவரைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அது ஆச்சு 13 வருஷம்.

நல்லது செய்கிறார், பொய் சொல்லக்கூடாது. மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்ற ஒரு பெரியவருக்காக, 2007ஆம் வருஷ மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுப் போட்டுப் பத்திரத்தை ரத்து செய்ய வைத்தவர் இவர்தான். வக்கீல் கிடையாது. பத்திரத்தை மூன்று நாள் வாசித்து, "கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற ஒற்றை வரியைக் கண்டுபிடித்தார். ரயிலில் முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்களே, அதற்கு எத்தனை கடிதம் எழுதினார் என்று கணக்கே இல்லை. ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவார். அந்த 50ல் நான் போனது ஒரே ஒரு தடவை, மகளின் இரண்டாம் பிரசவத்துக்கு.

திங்கள்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். முதல் பஸ்ஸைப் பிடிப்பார். நான் நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்ற வேண்டும். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு 1,000 ரூபாய் பி.எஃப். பென்ஷனை உயர்த்தச் சொல்லி ஒரு வாரம், 70 வயதிலேயே கூடுதல் பென்ஷன் கேட்டு ஒரு வாரம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கமிட்டிக் கூட்டம், எங்கள் வீட்டில். 12 பேர், 12 பேரும் ஆம்பிளைகள். இரண்டு சுற்று காபி. அதில் ஏழு பேருக்குச் சீனி போடக்கூடாது, யார் யார் என்று எனக்கு மனப்பாடம்.

எனக்கு இரண்டு வருஷமாக வலது முட்டி வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். திருநெல்வேலியில் எலும்பு டாக்டரிடம் போக மூன்று தடவை நாள் குறித்தோம். ஒரு தடவை மனு, ஒரு தடவை சங்கத்தில் ஒரு சாவு, மூன்றாவது தடவை "அடுத்த வாரம் பார்ப்போம்."

இன்னொன்று. என் மாமியாருக்கும் எனக்கும் ஒரே பெயர், சண்முகத்தாய். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படிக் கூப்பிடுவது? வந்த அன்றைக்கே என்னை வடிவு ஆக்கிவிட்டார்கள். ஆதாரில் நான் சண்முகத்தாய். அவருடைய பி.பி.ஓ. புத்தகத்தில், அதுதான் பென்ஷன் ஆணைப் புத்தகம், மனைவி பெயர் வடிவு. ஊரில் எத்தனையோ பேருக்கு இந்தப் பெயர்த் திருத்தத்தை முடித்துக் கொடுத்தவர், சொந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. கேட்டால், "நான் என்ன நாளைக்கேவா சாகப்போறேன்?" என்கிறார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஆச்சிக்கு 1,200 ரூபாய் உதவித்தொகை கைரேகை விழாமல் நின்றுபோனபோதும் சங்கத்தில் யாருக்கும் நேரமில்லை. நான்தான் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு அலைந்தேன். அதை விடுங்கள்.

அக்டோபர் 1ஆம் தேதி முதியோர் தினம். கல்யாண மண்டபத்தில் விழா. 60 புளியோதரைப் பொட்டலம் கட்டிவிட்டுப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றேன். மேடையில் அவர், "வயதானவர்களின் வலியைக் காதுகொடுத்துக் கேட்க இந்த நாட்டில் யாருமே இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து இன்றோடு 11 நாள், என்னோடு பேச்சில்லை.

ஊருக்கு நல்லது செய்கிறவரைப் பார்த்து எரிச்சல்படுகிறேனே, இது பொறாமையா? ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் வருவதில்லை. எனக்கு ஏதாவது மனநோயா?

சண்முகத்தாய்
(பெயர்களை மாற்றியிருக்கிறோம்.)

*

அன்புள்ள அம்மா,

தூணில் சாய்ந்து நின்ற இடத்தைப் படித்தபோது நானும் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசிக் கேள்வியை முதலில் பார்த்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் மனநோய் என்று சொல்ல எதுவும் எனக்குத் தென்படவில்லை. முட்டி வலி உள்ளவர்களுக்கு ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வருவது சாதாரணம். நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு மூன்று மணிக்கே தயாராகிவிடுவதும் உண்டு. வலி, தூக்கமின்மை, எரிச்சல் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஆனால் சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பொறாமையா என்றால், பொறாமைப்படுகிறவர் அந்தப் பத்திரத்து வரியைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதமாட்டார். அந்த மூன்று நாளும் அவருக்கு விளக்கு போட்டுக் கொடுத்தது நீங்களாகத்தான் இருக்கும். அடுத்தவர் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடிப் பிடித்த மனிதர், சொந்தப் புத்தகத்தில் பெண்டாட்டி பெயரைப் பார்க்கவில்லை. வருகிற எரிச்சல் அதற்குத்தான். சரியான எரிச்சல்தான்.

ஏன் பார்க்கவில்லை? அவரைச் சந்திக்காமல் நான் நிறையச் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும். என்னிடம் வருகிற ஓய்வு பெற்ற ஆண்களை வைத்துக் கொஞ்சம் சொல்கிறேன். மனு கொடுத்தால் ஒரு ரசீது, ஒரு எண் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். மறுபடி எழுதலாம். அதில் தோற்றாலும் அவர் எச்.எம். சார்தான். உங்கள் முட்டி அப்படியில்லை. டாக்டர் "ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. பி.பி.ஓ.வில் பெயர் திருத்துவது, "எனக்குப் பிறகு இவள்" என்று தன் கையாலேயே எழுதுவது மாதிரி. "நாளைக்கேவா சாகப்போறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா? கோபமாக என்றால் உள்ளே பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயத்தைப் புரிந்துகொள்ளலாம். அதற்காக உங்கள் முட்டி காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று தடவை தள்ளிப்போனபோதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சரி" என்றிருப்பீர்கள். வலியை எப்போது சொல்கிறீர்கள்? அடுப்பைப் பார்த்தபடி, "இந்தக் கால் வேற…" என்று சுவரிடம் சொல்வீர்கள். நம் வீடுகளில் பெண்கள் வலியை இப்படித்தான் சொல்கிறார்கள், என் அம்மாவும் அப்படித்தான். காதில் விழும், பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.

அவரிடமே ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லத் தோன்றியது. வேண்டாம், தலைமையாசிரியர், சந்திப்பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பார்.

அதற்குப் பதிலாக நீங்களே போய்விடுங்கள். ஆச்சியைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை அலைந்தவருக்குத் திருநெல்வேலி ஒரு தூரமா? பக்கத்து வீட்டில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், மகளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம், தகவல் மட்டும் போதும்: "புதன்கிழமை நான் டாக்டரிடம் போறேன்." வந்தால் வரட்டும். முட்டி வலி எல்லாமே ஆபரேஷனில் முடிவதில்லை. தொடைத் தசைக்கான பயிற்சியிலேயே பலருக்குக் குறைகிறது. எது என்று டாக்டர் சொல்லட்டும். அப்படியே பெரிய செலவு வந்தாலும், அவர் பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிற காப்பீட்டில் மனைவிக்கும் பங்கு உண்டு. ஊருக்கே அதை விளக்குகிறவர் அவர்தானே.

பி.பி.ஓ. விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணவர் போன துக்கத்தோடு, பதினாறாம் நாள் முடியுமுன்பே கருவூலத்துக்கும் வங்கிக்கும் "சண்முகத்தாயும் வடிவும் ஒருத்திதான்" என்று நிரூபிக்க அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். இப்போதென்றால், அவரே கையெழுத்துப் போட்டு, உங்கள் ஆதார் நகலோடு கருவூலத்தில் விண்ணப்பம் கொடுத்து ஆரம்பிக்கிற வேலை. என்னென்ன இணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். இதை நீங்கள் சொல்லி நடக்காவிட்டால் மகனைச் சொல்லவையுங்கள். இந்த ஒரு விஷயத்துக்குப் பிள்ளைகளை இழுப்பதில் தப்பில்லை.

இனி, "அதை விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை விட எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்று திரும்பப் படித்த இடம் அது. சங்கத்தின் மனுக்களைப் பாருங்கள்: ரயில் சலுகை, பி.எஃப். பென்ஷன், கூடுதல் பென்ஷன். எல்லாம் நியாயமானவைதான். ஆனால் பெரும்பாலும் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர்களின் கவலைகள். பாத்திரம் தேய்த்தே விரல் ரேகை அழிந்துபோன ஆச்சிக்கு அந்த மனுக்கட்டில் இடமில்லை, ஏனென்றால் அந்த 12 பேரில் யாருக்கும் அந்த விரல் இல்லை. தனக்காக ஒரு ரூபாய் பென்ஷன் கிடையாத உங்களுக்கும் இடமில்லை. நீங்கள் செய்ததும் சங்க வேலைதான், மேடையும் மாலையும் இல்லை என்பதைத் தவிர.

அதனால் சந்தாவைக் கட்டி உறுப்பினராகச் சேருங்கள். உங்களுக்கு 60 தாண்டி ஏழு வருஷமாகிவிட்டது. ஆச்சியையும், பொட்டலம் கட்ட உங்களோடு நின்ற மற்ற பெண்களையும் சேர்த்துவிடுங்கள். உடனே "மகளிர் அணி" என்று ஒன்றை உண்டாக்கி உங்களைத் தலைவி ஆக்கப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை. அது பெரும்பாலும் சுண்டல் அணியாகத்தான் முடியும். கமிட்டியில் நாற்காலி கேளுங்கள். நாற்காலி, முட்டிக்கும் நல்லது. முதல் மனு கைரேகை விழாத ஆச்சிகளைப் பற்றியதாக இருக்கட்டும். எழுதித் தர உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். வக்கீல் இல்லாமலே பத்திரத்தை ரத்து செய்ய வைத்தவர் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இந்த 11 நாள் மௌனத்தை நீங்களே உடைப்பது நல்லது. தோற்றுப்போவதாக நினைக்காதீர்கள். மாணவர்கள் ஆயிரம் பேர் முன்னால் நின்ற மனிதர், அவருக்கு அந்தச் சிரிப்பு நிஜமாகவே பட்டிருக்கும். "சபையில வச்சுச் சிரிச்சது தப்புதான். ஆனா சிரிப்பு எதுக்கு வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் கேட்கும்வரை, மூன்று நாள் ஆனாலும். கேட்டால் முட்டியையும் பெயரையும் மட்டும் சொல்லுங்கள், 40 வருஷக் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள். அது இன்னொரு நாளைக்கு.

கூட்டத்தை நூலகத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ மாற்றச் சொல்லலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சொல்லலாம். அதற்கு முன் ஒரு இரண்டாவது ஞாயிறு காலையில் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்து பாருங்கள். 12 பேர் வருவார்கள், அதில் ஏழு பேருக்குச் சீனி கிடையாது. காபி பில்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எச்.எம். சாருக்குத் தெரியுமா?