கடற்பாசிக் கால்சியம் எலும்பைக் காக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. சிறு வயது முதல் வீட்டிலிருந்தே பீடி சுற்றியவர். சென்ற ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு முதுகுவலி தொடர்கிறது, கூனும் விழுகிறது. தைராய்டுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்தவர் ஒருவர், "இது சுண்ணாம்புக்கல் கால்சியம் இல்லை, கடற்பாசியில் எடுத்தது, எழுபதுக்கும் மேற்பட்ட தாதுக்கள் உண்டு, தேய்ந்த எலும்பு மறுபடி வளரும்" என்று ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: டப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அம்மாவின் மணிக்கட்டு முறிந்த செய்திதான். அதற்கும் வருகிறேன்.

இவ்வகை மாத்திரைகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் லித்தோதாம்னியன் என்ற பெயரில் அறியப்படும் சிவப்புப் பாசி. ஐஸ்லாந்து, அயர்லாந்து, தென் அமெரிக்கக் கடற்பகுதிகளில் இதை எடுக்கிறார்கள். இந்தப் பாசி கடல்நீரிலுள்ள கால்சியத்தை ஈர்த்துத் தன் செல்சுவர்களில் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைத்து, கல்லைப் போல் இறுகிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரக்கூடியது. அதைக் கழுவி, உலர்த்தி, அரைத்த பொடிதான் மாத்திரையாகிறது. எனவே அது பிறந்த இடம் வேறு என்றாலும், உள்ளே இருக்கும் பொருள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கால்சியம் கார்பனேட்தான்.

டப்பாவின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "கடற்பாசிப் பொடி 800 மி.கி." என்று போட்டிருந்தால், அதில் ஏறக்குறைய முப்பது சதவீதம்தான், அதாவது சுமார் 240 மி.கி.தான், கால்சியம். மருந்துக்கடையில் கிடைக்கும் 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் 500 மி.கி. கால்சியம் இருக்கிறது. விலையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எழுபது தாதுக்கள் என்பதும் பொய்யில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மிக நுண்ணிய அளவில் இருப்பவை. மக்னீசியத்தை எடுத்துக்கொண்டால், பொடியில் இரண்டு சதவீதம் அளவே இருக்கும் என்பதால், ஒரு மாத்திரையில் 20 மி.கி. கூடத் தேறாது, நமக்கு நாளொன்றுக்கு 300 மி.கி.க்கு மேல் வேண்டும்.

எலும்பு மறுபடி வளரும் என்ற பேச்சுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. பாசிக் கால்சியத்தைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை. எலும்பின் அடர்த்தியையும் இரத்தக் குறியீடுகளையும் அளந்தவையே தவிர, எலும்பு முறிவது குறைந்தது என்று காட்டியவை அல்ல. சாதாரண கால்சியத்திலேயே, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஏழு ஆண்டுகள் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 1,000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. கால்சியம் வேண்டும்தான். கூடுதலாகக் கொட்டினால் கூடுதல் பலம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரைக்கும் எந்தக் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் இடைவெளி இல்லாவிட்டால், தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. நெஞ்செரிச்சலுக்கு அவர் சாப்பிடுவது ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையாக இருந்தால் வயிற்றில் அமிலம் குறைந்திருக்கும். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், பாசிக் கால்சியமும் கார்பனேட்தான். அத்தகையவருக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தமானது. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். எதுவாயினும் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். கடற்பாசியில் அயோடினும் இருக்கக்கூடும் என்பதால், தைராய்டு நோயாளிக்கு அதன் அளவு குறிப்பிடப்படாத டப்பாவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி முக்கியமானது. நின்ற நிலையிலிருந்து விழுந்த அளவிலேயே மணிக்கட்டு முறிவது, இந்த வயதில் எலும்பு மெலிந்துவிட்டது என்பதன் அடையாளம். கூனும் முதுகுவலியும் சேர்ந்திருப்பதால், முதுகெலும்பின் கண்ணி ஏதேனும் ஓசையின்றி நசுங்கியிருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி, முதுகுக்கு எக்ஸ்ரேயும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். டெக்ஸாவில் அந்த அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று பொருள். அதற்கென்றே அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொரு முறை போடும் ஜோலெட்ரோனிக் அமில ஊசி போன்ற, முறிவைக் குறைப்பதாக நிரூபணமான மருந்துகள் உள்ளன. டப்பாக்களுக்கு மாதந்தோறும் செலவழிக்கும் பணத்தைத் தயவுசெய்து இந்தச் சோதனைக்குச் செலவழியுங்கள். அதுவரை அம்மா குனிந்து குடம் தூக்க வேண்டாம். முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

காலை முதல் மாலை வரை மடியில் முறத்தோடு திண்ணையிலும் வீட்டுக்குள்ளும் உட்கார்ந்தே பீடி சுற்றிய பெண்களுக்கு வெயில் படாமலே வயது கழிந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும் நெல்லைச் சீமையிலேயே வைட்டமின் டி குறைவு வருவது இப்படித்தான். இரத்தத்தில் அதைச் சோதித்து, குறைவாக இருந்தால் மருத்துவர் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று என எழுதுவார். அதைத் தினமும் சாப்பிட்டுவிட்டு வாந்தியும் மயக்கமுமாக வருவோர் உண்டு, கவனம். சாப்பாட்டில், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் கேப்பை மாவில் 350 மி.கி. அளவுக்கு இருக்கிறது; 200 மி.லி. பாலில் 240 மி.கி. வரை கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி மிக நல்லது. நம்மூர் உளுந்தஞ்சோற்றுக்கு அரைக்கும் எள்ளுத் துவையலிலும் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; எனவே அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

கேள்வி: கர்ப்பமாயிருக்கும் என் மகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரைக்குப் பதிலாகக் கடற்பாசி மாத்திரை வாங்கித் தரலாமா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். அரசுத் திட்டத்தின்படி தரப்படும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு இரண்டு. அதை அப்படியே, சாப்பாட்டோடு, இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிட்டால் போதும். கடலில் வளர்பவை ஈயம், ஆர்சனிக் போன்றவற்றையும் ஈர்க்கக்கூடியவை என்பதால், அவற்றுக்கான சோதனை விவரம் தெரியாத பொடியைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் கரையில் ஒதுங்கும் பாசியை உலர்த்திப் பொடித்துச் சாப்பிட்டால் அதே கால்சியம் கிடைக்காதா?
— ஒரு வாசகர், உவரி

பதில்: கிடைக்காது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தயாரிக்கவும், மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற பாசி காராஜீனன் தயாரிக்கவும் பயன்படுபவை; இவ்விரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்கள். இந்தப் பாசிகள் மேலே சொன்ன சிவப்புப் பாசியைப் போலக் கல்லாக இறுகுபவை அல்ல. பழுப்புப் பாசி வகைகளில் அயோடின் தைராய்டைக் கெடுக்கும் அளவுக்கும் இருக்கலாம். கரையில் ஒதுங்கி அழுகியதை உரக்குழிக்குப் போடுங்கள். கால்சியத்துக்கு உங்கள் வலையில் விழும் சாளையும் நெத்திலியும் இருக்கின்றன, ஆனால் கருவாடாக அல்லாமல் பச்சை மீனாகவே குழம்பு வையுங்கள், ஏனெனில் உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறும்.