ரெக்கார்டு ரூம் சாவியும் ரீல்ஸ் வீடியோவும்

தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ரெக்கார்டு ரூமை 31 ஆண்டுகள் காத்தவள் நான். கடைசி ஆறு ஆண்டுகள் அந்த மருத்துவமனையின் ஃபேஸ்புக் பக்கத்தையும் என் தலையில் கட்டினார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, அலுவலகத்தில் தமிழைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவமனையும் மொபைலும் சேர்ந்து படுத்தும் பாட்டைப் பற்றியவை என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு பையன் மொபைலோடு வந்து, "பாட்டி, நாலு அடி நடந்து காட்டுங்கள்" என்றான். அம்மாவும் நடந்தார், "டாக்டர் தெய்வம் மாதிரி" என்றார். இப்போது அது இன்ஸ்டாகிராமில் ஓடுகிறது. "நைட்டியோடு ஊரெல்லாம் பார்க்கிறதே" என்று அம்மா அழுகிறார். எடுக்கச் சொல்ல முடியுமா?
— வாசகி, வள்ளியூர்

முடியும். இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், தாளில் எழுதுங்கள். அம்மாவின் பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), வீடியோ வெளியான தேதி, "நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற ஒரு வரி, அம்மாவின் கையெழுத்து. நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்று மாலைக்குள் வீடியோ போய்விடும். போகவில்லையென்றால் இன்ஸ்டாகிராமிலேயே தனியுரிமைப் புகார் செய்ய வழி இருக்கிறது. மருத்துவர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், மருத்துவமனை மீது என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். அனுமதியில்லாமல், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை வெளியிடக் கூடாது என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆனால், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அது எழுதியே வைத்திருக்கிறது.

"அம்மா சிரித்துக்கொண்டேதானே நடந்தார்" என்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்? தையல் பிரிக்கவில்லை. பில் கணக்கு முடியவில்லை. அடுத்த புதன்கிழமை அதே டாக்டர் முன்னால்தான் காலை நீட்டி உட்கார வேண்டும். கட்டிலிலிருந்து வரும் "சரி"யை நான் சம்மதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்குப் போய், தன் புடவையைக் கட்டிக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள் கழித்துச் சொல்லும் "சரி"தான் சரி.

இதைப் பெரிய யோக்கியதையோடு சொல்லவில்லை. என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூன் 14, உலக ரத்ததான நாள். நர்ஸ்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், நான் படம் எடுக்கிறேன். எல்லோர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேனே தவிர, முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. வார்டின் வெள்ளைப் பலகை அது. கட்டில் எண், பெயர், எதற்காகச் சேர்ந்திருக்கிறார் என்பதன் சுருக்கம், எல்லாம் நீல மையில் பளிச்சென்று இருந்தன. காலை 11 மணிக்குப் போட்டேன். மாலை 4 மணிக்கு ஒரு தகப்பனார் தொலைபேசியில் வந்தார். அவர் கத்தவில்லை. "அந்தப் போர்டை எடுத்துவிடுங்கள் அம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மகளின் பெயருக்கு நேரே மூன்று எழுத்து இருந்தது, ஊருக்குத் தெரியக் கூடாத மூன்று எழுத்து. ஐந்து நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டேன். அதற்கு முன் அது ஐந்து மணி நேரம் வெளியே இருந்திருக்கிறது. கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டின் மேலட்டையைக்கூட யாருக்கும் காட்டாதவள் என்ற பெருமை எனக்கு உண்டு. ரெக்கார்டு ரூம் சாவி அன்றைக்கும் என் இடுப்பில்தான் இருந்தது.

மருத்துவமனைக்கு ஃபேஸ்புக், யூடியூப் எல்லாம் எதற்கு? விளம்பரம்தானே! இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்துவைத்தார்கள்?
— வாசகர், மேற்கு மாம்பலம்

பாதி விளம்பரம்தான். நோயாளிகளைத் தேடி மருத்துவர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று விதி இருப்பதால், அது "விழிப்புணர்வு" என்ற சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. மற்றப் பாதிக்கு டெட்ராய்ட் வரை போக வேண்டும்.

2009 பிப்ரவரி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை. ட்விட்டருக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. ஒருவருடைய சிறுநீரகத்திலிருந்து புற்றுக்கட்டியை எடுக்கிறார்கள். அறுவை அரங்குக்குள்ளேயே இன்னொரு மருத்துவர் கணினி முன் உட்கார்ந்து, நடப்பதை வரி வரியாக ட்விட்டரில் எழுதுகிறார். கட்டி பெரிதாக இருக்கிறது, சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்றுகூட ஒரு வரி வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2012-ல், ஹூஸ்டனில் மெமோரியல் ஹெர்மன் மருத்துவமனை திறந்த இதய அறுவையையே இப்படி ட்விட்டரில் நேரலையாகச் சொன்னது.

வேடிக்கை காட்டுகிறார்கள் என்றுதான் முதலில் படித்தபோது எனக்கும் எரிச்சலாக இருந்தது. பிறகு எங்கள் ஓ.டி. (அறுவை அரங்கு) வாசலை நினைத்துப் பார்த்தேன். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கதவு அரை அடி திறக்கும். பச்சை உடையில் ஒரு தலை நீளும். "மாரியம்மாள் அட்டெண்டர் யார்?" நெஞ்சு பதற ஓடினால் கையில் ஒரு மருந்துச் சீட்டு. கதவு மூடிக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரி சொல்ல ஆள் கிடையாது. அந்தக் கதவில் ஒரு ஜன்னல் வைக்கலாம் என்பதை டெட்ராய்ட் காட்டியது. ஊர் முழுக்க எட்டிப் பார்க்கும் ஜன்னல் எனக்கு வேண்டாம், பெஞ்சில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். "அரங்குக்குள் அழைத்துச் சென்றாயிற்று", "முடிந்தது, கண் விழித்துவிட்டார்" என்று உறவினர் மொபைலுக்குச் செய்தி அனுப்பும் மருத்துவமனைகள் இப்போது இருக்கின்றன. அந்த வேலைக்கு ரீல்ஸ் எடுக்கும் பையனின் சம்பளத்தில் பாதி ஆகாது.

மின்னசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் இருக்கும் மேயோ கிளினிக், 2010-ல் சமூக ஊடகத்துக்கென்றே தனி மையம் தொடங்கியது. அங்குள்ள ஃபாரிஸ் திமிமி என்ற மருத்துவர் ஊழியர்களுக்கு ஒரு விதி எழுதினார். ஆங்கிலத்தில் எண்ணி 12 சொல்தான். தமிழில் சொன்னால்: பொய் சொல்லாதே, துருவாதே, ஏமாற்றாதே, போட்டதை அழிக்க முடியாது, திருடாதே, வெளியிடாதே. என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அந்த ஜூன் 14-க்குப் பிறகு நான்காவதன் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

நான் ஐ.சி.யூ. நர்ஸ். நைட் டூட்டியில் சினிமாப் பாட்டுக்கு ரீல்ஸ் எடுத்துத் தரச் சொல்கிறார் மேலாளர். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, ஈரோடு

"எழுத்தில் உத்தரவு கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். கையெழுத்துக்கு அஞ்சாத நிர்வாகியை 31 ஆண்டில் நான் இருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் கேட்டால் இதையும் சொல்லலாம். சென்னையில் ஒரு யூடியூபர், மனைவியின் பிரசவத்தின்போது அறுவை அரங்கில் குழந்தையின் தொப்புள்கொடியைத் தானே வெட்டி, அதை 2024 அக்டோபரில் வீடியோவாகப் போட்டார். அந்தத் தனியார் மருத்துவமனைக்கு 10 நாள் தடையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது சுகாதாரத் துறை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ம் தேதி கொண்டுவந்த விதிகளில் அறுவை வீடியோ போடாதே, நோயாளியின் படம் போடாதே, நோயாளியிடம் புகழுரை கேட்காதே, காசு கொடுத்து லைக் வாங்காதே என்று எல்லாம் இருந்தன. அவை மருத்துவர்களுக்கானவை. மருந்தின் பொதுப் பெயரை எழுதுவது போன்ற வேறு சண்டைகளில் மாட்டிக்கொண்டு, அதே மாதம் 23-ம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. மூன்று வாரம் உயிரோடு இருந்த விதி!

சிகிச்சை பிடிக்காமல் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டேன். மருத்துவமனை என் நோயையும் நான் தர வேண்டிய பாக்கியையும் எழுதிப் பதில் போட்டுவிட்டது. நான் செய்தது தப்பா?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் நட்சத்திரம் உங்கள் உரிமை. அவர்கள் செய்ததுதான் தப்பு. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்று இதே காரியத்தைச் செய்தது. விமர்சனத்துக்குப் பதில் எழுதும்போது நோயாளியின் விவரங்களைப் போட்டு உடைத்தது. 2019-ல் 10,000 டாலர் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

பதில் எழுதும் வேலையை நானும் செய்திருக்கிறேன். கை துறுதுறுக்கும். "ஐயா, நீங்கள் குடித்துவிட்டு வந்து டூட்டி டாக்டரைத் தள்ளியது சிசிடிவியில் இருக்கிறது" என்று எழுதத்தான் தோன்றும். எழுதிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். நிஜத்தில் போட்டதெல்லாம் ஒரே பதில்: "உங்கள் வருத்தத்தைத் தெரிந்துகொண்டோம். நிர்வாக அலுவலகத்தில் நேரில் பேச அழைக்கிறோம்." அதில் "எங்களிடம் சிகிச்சை பெற்றபோது" என்ற சொற்கள்கூட இல்லை, கவனியுங்கள். அவர் எங்களிடம் வந்தாரா என்பதே அவருடைய ரகசியம்தான்.

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பி மருந்து கேட்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கேட்கலாம். 2020 மார்ச் 25-ம் தேதி, ஊரடங்கின் முதல் நாளில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வாட்ஸ்அப்பையும் அனுமதிக்கின்றன. மருத்துவர் தன் பதிவு எண்ணோடு சீட்டு எழுதிப் படமெடுத்து அனுப்பலாம், கட்டணமும் வாங்கலாம். முதல்முறை பார்ப்பவருக்குச் சில மருந்துகளை வீடியோவில் முகம் பார்த்துத்தான் எழுத முடியும். போதைப்பொருள் வகை மருந்துகளை எழுதவே கூடாது. மார்வலி என்று செய்தி தட்டிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

அந்த உரையாடலை மருத்துவர் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ரெக்கார்டு ரூம்காரிக்கு இனிப்பான வரி. எத்தனை டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மொபைலை மாற்றினால் கேஸ் ஷீட்டே போயிற்று.

ஆறு வருடம் இந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள். இதனால் யாருக்காவது நல்லது நடந்ததா?
— வாசகர், திருச்சி

நடந்தது. 2012 மே மாதம் அமெரிக்காவில், "உறுப்புதானம் செய்கிறேன்" என்று தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் வசதியை ஃபேஸ்புக் கொடுத்தது. வழக்கமாக ஒரு நாளில் இணையத்தில் 616 பேர் பதிவு செய்வார்கள், அந்த முதல் நாளில் மட்டும் 13,054 பேர் செய்தார்கள். நம் ஊரில் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கை தேடி ஜனங்கள் தவித்தபோது, அரசின் 104 மருத்துவ உதவி மையம் ட்விட்டரில் கணக்குத் தொடங்கிப் படுக்கை கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது.

நாம் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் இறந்துபோனார். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு எத்தனை நிமிடத்தில் ஆளைக் கொல்லும் என்று லேபர் வார்டு சிஸ்டர் ஒருவர் நம் பேச்சில், மூன்று நிமிடம், ஆட்டமும் பாட்டும் இல்லாமல் சொன்ன வீடியோ அந்த மொபைலில் வந்திருக்குமா? அந்த நாட்களில் நாங்கள் புதுக் கட்டடத் திறப்புவிழாப் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பகிர்ந்தது எது தெரியுமா? டாக்டர்களின் பட்டமளிப்புப் படமும் இல்லை, அமைச்சர் வந்த படமும் இல்லை. ஒரு நவம்பர் மாதம், விடிய விடிய மழை. காலை ஆறரை மணிக்குத் தோல் டாக்டர் வர முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே தட்டினேன்: "இன்று தோல் ஓ.பி. கிடையாது. சங்கரன்கோவில், புளியங்குடி பக்கமிருந்து கிளம்பியவர்கள் திரும்பிவிடலாம். நாளை இதே டோக்கன் செல்லும்." படம்கூடப் போடவில்லை. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பஸ் ஏறிவிட்டேன் மேடம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன்."