கதைக்குள் எத்தனை நாள் நடை? – வாசகர் கேள்வி பதில்

ஃபேண்டஸி நாவல் வரிசைகளோடு வரும் வரைபடங்கள், துணை அட்லஸ்கள் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

மகன் டோல்கீன் படிக்கத் தொடங்கியிருக்கிறான். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ‘மிடில் எர்த் அட்லஸ்’ பார்த்தேன். வாங்கலாமா? எதைக் கவனித்து வாங்க வேண்டும்?
– அல்சூர் வாசகி

தாராளமாக வாங்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் காப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டோல்கீனின் கற்பனை உலகமான மிடில் எர்த்துக்குக் கேரன் வின் ஃபான்ஸ்டாட் உருவாக்கிய இந்த அட்லஸ் முதலில் வந்தது 1981-ல். டோல்கீன் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை அவர் மகன் கிறிஸ்டோபர் 1983 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றையும் கணக்கில் எடுத்துத் திருத்தப்பட்ட பதிப்பு 1991-ல் வந்தது. விலை வித்தியாசம் சிறியதென்றால் திருத்திய பதிப்புதான் நல்லது.

ஃபான்ஸ்டாட் முறையாக நிலவரைபடவியல் படித்தவர். அதனால் இது வெறும் படப் புத்தகம் இல்லை. மலையமைப்பு, தட்பவெப்பம், மொழிகள், போர்க்களங்கள், பயணிகள் எந்தத் தேதியில் எங்கே தங்கினார்கள் என்பதுவரை தனித்தனி வரைபடங்கள் உண்டு. பையனுக்கு இவ்வளவும் வேண்டாம், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மூன்று பாக நாவலின் பயணம் மட்டும் போதும் என்றால், அதே 1981-ல் வந்த பார்பரா ஸ்ட்ராச்சியின் அட்லஸ் அந்த நாவலின் பயணப் பாதைகளை அடியொற்றிப் போகிறது. கிடைத்தால் அது இன்னும் கைக்கு அடக்கம்.

ஒரு எச்சரிக்கை. அட்லஸ் எதுவானாலும் கதை முடிவைச் சொல்லிவிடும். பயண வரைபடத்தில் ஒருவருடைய கோடு பாதியில் நின்றால் என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். முதல் வாசிப்புக்கு நாவலோடு வரும் வரைபடமே போதும். அட்லஸைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், பயணப் பக்கங்களை ஒரு காகித உறைக்குள் செருகி, கிளிப் போட்டுக் கொடுங்கள்.

தனித் தாள்களாகப் பெட்டியில் வரும் தொகுப்புகளைப் பழைய கடையில் வாங்கினால் அங்கேயே எண்ணிவிடுங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதை உலகத்துக்காக 2012-ல் வந்த தொகுப்பில் 12 தாள்கள் இருக்க வேண்டும். அதிலும் பாத்திரங்களின் பயணங்களைக் காட்டும் தாள் ஒன்று உண்டு. கதையை முடிக்காதவர்கள் அதைப் பிரிக்காமல் வைப்பது நல்லது.

நான் படிக்கும் வரிசையில் வரைபடம் இருக்கிறது, அளவுகோல் இல்லை. இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஜாலஹள்ளி வாசகர்

உண்டு. கதையில் வரும் நாள் கணக்குதான் உங்கள் அளவுகோல்.

நல்ல சாலையில் மூட்டையோடு நடப்பவர் நாளுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் போவார். மலையிலும் காட்டிலும் 15 கடந்தால் பெரிது. மாட்டு வண்டிக்கு 20 முதல் 25. குதிரை வேகமானதுதான், ஆனாலும் அதே குதிரையை வாரக்கணக்கில் ஓட்டுபவருக்கு நாளுக்கு 50-க்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இந்த எண்கள் மனதில் பதிய ஓர் உரைகல்: பெங்களூரிலிருந்து மைசூர் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். நடந்தால் ஆறு நாள்.

இனி வேலை. கதையில் நாள் கணக்குத் தெளிவாகச் சொல்லப்பட்ட மூன்று பயணங்களைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சலில் படுத்த நாள், விருந்துக்குத் தங்கிய நாள் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பிறகு ஒரு தையல் நூலை ஈரமாக்கி வரைபடத்தின் பிரதி ஒன்றில் அந்தச் சாலையின் வளைவுகளோடு படிய வையுங்கள். ஈர நூல் வழுக்காது. இரு முனைகளையும் பேனாவால் குறித்து, நூலை நீட்டி அளவெடுங்கள். பன்னிரண்டு நாள் நடை என்றால் 300 கிலோமீட்டர். நூல் 6 சென்டிமீட்டர் வந்தால், 1 சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர். அடுத்த பயணம் குதிரையில் நாலு நாள், அதாவது 200 கிலோமீட்டர், நூல் 4.2 சென்டிமீட்டர் என்றால் 48 வருகிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன. மூன்றாவதில் மட்டும் 80 வந்தால் உடனே ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பாதையில் கணவாயோ சதுப்போ இருக்கிறதா என்று அந்த அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். ஒன்றும் இல்லையென்றால்தான் அது ஆசிரியரின் பிழை.

இப்படிக் கிடைப்பது சாலை தூரம். சிறிய வரைபடத்தில் சாலையின் சின்னச் சின்ன வளைவுகள் வராது, ஆனால் நடந்தவர் அத்தனை வளைவையும் நடந்துதான் கடந்திருக்கிறார். ஆகவே பறந்து போகும் டிராகனுக்கு இதே கணக்கைப் போட்டால் தூரம் கூடிவிடும். சமவெளியில் 1.2-ஆல், மலைநாட்டில் 1.5-ஆல் வகுத்தால் பறவை போகும் தூரத்துக்கு ஓரளவு நெருங்கிவிடும்.

கண்டுபிடித்த அளவை ‘1 செ.மீ. = 50 கி.மீ.’ என்று எழுத்தில் மட்டும் குறித்து வைக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஏ4-ஐ ஏ3-ஆகப் பெரிதாக்கினால் படம் 141 சதவீதம் ஆகும், அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். ஒரு மூலையில் அளவுப் பட்டை வரைந்துவிட்டால், படம் பெரிதாகும்போது பட்டையும் சேர்ந்து பெரிதாகும்.

நாலு பாக மிகுபுனைவு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் வரைபடத்தில் ஆறுகள் கிளை பிரிந்து ஓடுவது தப்பு என்கிறார் நண்பர். காவிரியே பிரிந்துதானே ஓடுகிறது?
– இந்திரா நகர் வாசகர்

நண்பர் சொல்வது சரி. காவிரி பிரிவதும் சரி, ஆனால் அது எங்கே பிரிகிறது என்று பாருங்கள். குடகிலிருந்து திருச்சி வரைக்கும் ஹேமாவதி, கபினி, அர்க்காவதி, பவானி, நொய்யல், அமராவதி என்று வரிசையாக வந்து சேருகின்றனவே தவிர, எதுவும் பிரிந்து போவதில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில்தான் கொள்ளிடம் தனியாகிறது. அதற்குக் கீழே நிலம் தட்டை, ஆறு சுமந்து வந்த வண்டல் பரவிக் கிடக்கிறது. தண்ணீருக்கு ஒரே பள்ளம் என்று எதுவும் இல்லாததால் பல வழி தேடிக்கொள்கிறது. தஞ்சைப் பக்கத்து வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆறு என்றாலே கிளை பிரிவது இயல்பாகத் தோன்றும். ஆற்றைப் பிரியுங்கள், கடலை நெருங்கும் கடைசிச் சமவெளியில் மட்டும். மலையடிவாரத்தில் பிரித்தால், தண்ணீர் எப்போதும் இருப்பதில் ஆழமான வழியையே பிடிக்கும், மற்றது சீக்கிரமே வறண்டுபோகும்.

நீர்ப்பிரிமேடு, அதாவது மழைநீரை இரு பக்க ஆறுகளுக்குப் பிரித்துவிடும் மேடு, எப்படி இருக்கும் என்று தெரிய வெளியே எங்கும் போகவேண்டாம். பெங்களூரு ஊரே ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பசவனகுடிப் பக்கம் பெய்யும் மழை விருஷபாவதி வழியே அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரியில் சேரும் தண்ணீரோ வர்த்தூரைத் தாண்டி தட்சிண பினாகினியில் விழுந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் தொட்டு, தென்பெண்ணையாகக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. உங்கள் கதைநாட்டிலும் இப்படி ஒரு மேட்டுக்கோட்டைப் பென்சிலால் முதலில் போடுங்கள். எந்த ஆறும் அதைக் கடக்கக் கூடாது. ஏரிக்குள் எத்தனை ஓடை வேண்டுமானாலும் வரலாம், வெளியேறுவது ஒன்றுதான்.

வரையும் வரிசை முக்கியம். ஏ3 தாளில் கடற்கரையையும் மலைமுகட்டையும் வரையுங்கள். அதன்மேல் ஊடுருவித் தெரியும் பட்டர் பேப்பர் வைத்து ஆறுகள். இன்னொரு பட்டர் பேப்பரில் மழையும் காடும். மூன்றாவதில் ஊர்களும் சாலைகளும். எல்லைக்கோடு கடைசி. முதலிலேயே எல்லையைப் போட்டால் மலையும் ஆறும் அதற்கு வளைந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தாளிலும் நாலு மூலையிலும் கூட்டல் குறி இடுங்கள். பட்டர் பேப்பர் மழைக்காலத்தில் ஈரம் குடித்து நீளும், ஜூனில் வரைந்த ஆறு ஜனவரியில் பொருந்தாது. குறிகள் இருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்றாவது தெரியும்.

மழைக்குக் காற்று வரும் திசையை முடிவு செய்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று முகத்தில் இருக்கும் அகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் பெங்களூரில் ஆயிரத்தை ஒட்டித்தான். ஆகவே உங்கள் பாலைவனம் மலைக்குப் பின்புறம் இருக்கட்டும். ஊர்களுக்கும் காரணம் வேண்டும்: கூடுதுறை, ஆற்றைக் கடக்கும் துறை, கணவாய் வாய். பாலக்காட்டுக் கணவாய் இல்லாமல் கோயம்புத்தூரை நினைத்துப் பாருங்கள்.

வரைபடம் முதலா, கதை முதலா என்றும் கேட்டிருந்தீர்கள். வரைபடம்தான். டோல்கீன் வரைபடத்தை வைத்துத்தான் கதையைப் பொருத்தினார். ஓவியர் பாலின் பெய்ன்ஸுக்காக அவர் குறிப்பெழுதிய வரைபடத் தாள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கதையில் வரும் ஹாபிட்டன் என்ற ஊர் ஏறத்தாழ ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருப்பதாக அதில் குறித்திருக்கிறார். அட்சரேகை முடிவானால் குளிரும் பகல் நீளமும் தானாகக் கிடைக்கும். மாறாக, ஸ்டீவன்சன் தன் ‘புதையல் தீவு’ நாவலுக்கு முதலில் வரைந்த படம் பதிப்பகத்துக்குப் போகும் வழியில் தொலைந்தது. எழுதி முடித்த கதையில் இருந்த அளவுகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, அதற்குப் பொருந்தும்படி இன்னொரு படம் வரைய வேண்டியதாயிற்று. அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கையால் வரைந்தால் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைபடம் செய்கிறேன். மலைத்தொடரின் பெயரை அகலமாகப் பரப்பினால் தமிழ் எழுத்துகள் உடைகின்றன. கடல் பெயரைச் சாய்வாக வைத்தால் அசிங்கமாக இருக்கிறது.
– மல்லேஸ்வரம் வாசகி

இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன. மேல்நாட்டு வரைபட மரபு ரோமன் எழுத்துக்காக உருவானது. நீர்நிலைக்குச் சாய்வெழுத்து, மலைக்கு இடைவெளி விட்ட எழுத்து என்பது அங்கே பொருந்தும். தமிழில் சாய்வெழுத்து என்று தனி வடிவம் இல்லை, மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. கடல், ஆறு, ஏரிக்கு மெல்லிய எடை எழுத்துருவை நீல நிறத்தில் வையுங்கள். அதுவே நீர் என்று சொல்லிவிடும்.

இடைவெளி விட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாக நகர்ந்து ‘க’ நடுவே அனாதையாக நிற்கும். அதனால் இடைவெளி அமைப்பைத் தொடாதீர்கள். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ‘கொல்லிமலை’ என்றால் கொ, ல், லி, ம, லை என ஐந்து தனி உரைத்துண்டுகளாக வளைவில் அடுக்குங்கள். வேலை முடிந்ததும் எல்லாப் பெயரையும் எழுத்தாக இல்லாமல் உருவக்கோடாக (path) மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக அச்சாகும். திருத்துவதற்கு மாற்றாத கோப்பு ஒன்று தனியாக இருக்கட்டும்.

புள்ளியைக் கவனியுங்கள். மலைக்கோடுகளுக்கு நடுவே மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடும். பெயரைச் சுற்றி அரை மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு கொடுங்கள், 7 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். ஏ2-வில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் படம் 4961 × 7016 பிக்சல் வேண்டும். மடித்து வைக்கும் தாளென்றால் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை). தடித்த 300 ஜிஎஸ்எம் தாளில் மடிப்போரம் நாலு தடவையில் வெடித்து மை உதிரும்.

பழைய நாவலோடு வந்த மடிப்பு வரைபடம் மடிப்பில் கிழிந்துவிட்டது. செலோ டேப் ஒட்டலாமா?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

வேண்டாம். சில ஆண்டுகளில் டேப் மஞ்சளாகும், பசை தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. மைதாப் பசையும் வேண்டாம், ராமபாணப் பூச்சியை விருந்துக்கு அழைத்ததாகும்.

நீண்ட நாருள்ள மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வாங்குங்கள். முதலில் ஈரப் பஞ்சால் ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். மை கலைந்தால் தொடாதீர்கள், ஈரம் வேண்டாத ஆவணப் பழுதுபார்ப்பு டேப்தான் வழி. கலையவில்லை என்றால் படத்தின் பின்பக்கத்தில் வேலை செய்யுங்கள். டிஷ்யூவை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கத்தரிக்காமல் கையால் கிழித்தெடுங்கள். கிழிந்த ஓரத்து நார்தான் தாளோடு கலந்து மறையும். பசை மெல்லியதாக, தூரிகையில் ஒரு தடவல். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன்மேல் மை ஒற்றும் தாள், அதற்கும் மேல் கனமான புத்தகம். ஓர் இரவு அப்படியே விடுங்கள். காய்ந்த பிறகு பழைய மடிப்பில் மடிக்காமல், ஏழெட்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயின் மேல் சுற்றி வையுங்கள்.