அம்மா பேசுவதற்கு உங்கள் அனுமதி எதற்கு?

கேள்வி: வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் லாட்ஜ் நடத்துகிறேன். வயது 49. குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் நண்பனோடு சின்ன வயசுப் பழக்கம். பள்ளிக்கூட நாளில் பாதி ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுப் படுப்பான். 2023இல் மேல்மாடி கட்ட பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டேன். "இந்த ஓட்டம் நிலைக்காது, மாடி வேண்டாம்" என்று மறுத்துவிட்டான். வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு பங்களாதேஷ் நோயாளிகள் வரத்து குறைந்து ரொம்பக் கஷ்டம். ஜாமீன் மறுத்த நாளிலிருந்து அவனோடு பேச்சே இல்லை. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு போன் போடுகிறாள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தையில் மகளுக்குக் கல்யாணம். அவனைக் கூப்பிட வேண்டும் என்று மனைவி பிடிவாதம். நாடுகளுக்கே நிரந்தர நண்பன் கிடையாது என்கிறார்கள், மனிதனுக்கு மட்டும் எதற்கு?

பதில்:

தம்பி, ஜாமீனில் முறிந்த நட்பு என்று கடிதம் வராத மாசம் கிடையாது. எல்லாவற்றிலும் ஒரு கையெழுத்து இருக்கும், ஒரு வட்டிக்கணக்கு இருக்கும், கடைசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து நிற்கும். அதையெல்லாம் விடுகிறேன். அம்மா போன் போடுவதில் ஆட்சேபணை இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

ஆட்சேபிக்க நீங்கள் யார்? ராத்திரி ராத்திரியாக இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டு, பாய் விரித்து, உங்களோடு சேர்த்து அவரையும் வளர்த்த அம்மா அவங்க, தம்பி. நீங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்காக அவங்களும் ஒரு பிள்ளையை விட்டுவிட வேண்டுமா? வாரா வாரம் அந்தப் போனில் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? உங்கள் வட்டி, உங்கள் காலி அறைகள், பேத்தி கல்யாணச் செலவு எல்லாம் குடியாத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டுக்கொண்டு அவரும் அடுத்த ஞாயிறு போனை எடுக்கிறார். அவர் விலகிப்போன மனுஷராக இருந்தால் அந்த போன் எப்போதோ நின்றிருக்கும்.

உங்கள் வீட்டு நட்பை இரண்டு வருஷமாக ஒரு வயசான அம்மா தனியாகச் சுமக்கிறார்கள். அது மகனாகப்பட்ட உங்கள் வேலை. அதை அவங்க தலையில் போட்டுவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று பெரிய மனசுபோல எழுதுகிறீர்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் அந்த நிரந்தர நண்பன் பேச்சு. 1848இல் இங்கிலாந்தின் வெளியுறவு மந்திரி பாமர்ஸ்டன் அவர்கள் பார்லிமெண்டில் பேசியது அது, தங்கள் நாட்டுக்கு நிலையான நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை, நலன்தான் நிலையானது என்று. கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்து வந்து நம் வேலூர்க் கோட்டையில் அடைத்து, 1832இல் அவர் இங்கேயே சாகும்வரை விடாதவர்களின் நியாயம் தம்பி அது. பாலாற்றங்கரையில் அவருடைய முத்து மண்டபம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பேச்சைப் பேசுங்கள்.

உங்கள் தொழில் நம்பியிருக்கிற பங்களாதேஷையே எடுத்துக்கொள்வோம். 1974இல் எல்லையைச் சரிசெய்ய அவர்களோடு ஒப்பந்தம் போட்டோம், 2015இல்தான் முழுசாக நிறைவேற்றினோம். அவர்கள் நாட்டுக்குள் மாட்டிக்கிடந்த நம் 111 துண்டு நிலங்களைக் கொடுத்துவிட்டு, நம் பக்கம் கிடந்த அவர்களுடைய 51ஐ வாங்கினோம். ஏக்கர் கணக்கில் நமக்குத்தான் நஷ்டம், ஆனாலும் பார்லிமெண்டின் இரண்டு சபையிலும் எதிர்த்து ஒரு ஓட்டு விழவில்லை. 2024இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து விசா சுருங்கியபோதும், அவசரச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சமாவது விசா கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். உங்கள் சந்தில் இன்றைக்கும் கேஸ் அடுப்பையும் பாத்திரத்தையும் வாடகைக்கு எடுத்து, ஆபரேஷன் முடிந்த அப்பாவுக்கு மீன்குழம்பு வைக்கிற அந்தக் குடும்பம் அப்படி வந்ததுதான்.

நட்பை விடுங்கள், பகையாளிகளைப் பாருங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் செய்த ஒப்பந்தப்படி, அணு நிலையங்களின் பட்டியலை 1992இலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். கார்கிலில் சண்டை முடிந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது, அந்த ஜனவரியிலும் கொடுத்தார்கள். எவ்வளவு சண்டை வந்தாலும் ஒரு வழியை மூடாமல் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கையெழுத்துப் போடாதது உங்களுக்கு வலிக்கவில்லை, அவர் சொன்னது பலித்துவிட்டதுதான் வலிக்கிறது. கூடப்பிறந்தவன் செய்ய வேண்டியதை அவர் செய்தார். மாடி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்ததும், தாய்மாமன் வீட்டுக்கு அடுத்ததாக அவர் வீடுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதாதீர்கள். அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டா வழியாகப் போங்கள். தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கக் கூடாது, வெற்றிலை பாக்கு பழத்தோடு நீங்களே நீட்ட வேண்டும். ஜாமீன் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவராக எடுத்தால், "நீ சொன்னதுதான்டா சரி" என்று சொல்லிவிடுங்கள்.